கரகரப்பது ஸ்பீக்கரா, ஆம்பிளிஃபயரா?

சாஆவில் தீபாவளிக்கும் திருமணத்துக்கும் வீட்டில் உறுமி மேளப் பாடல் போட்டால், பலரின் கை முதலில் போவது பேஸ் குமிழுக்குத்தான். மேளம் நெஞ்சில் இடிக்க வேண்டுமே! சற்று நேரத்தில் ஒலி கரகரக்கும். உடனே, “ஸ்பீக்கர் சரியில்லை, பெரியதாக வாங்கணும்” என்பார்கள். மாணவர்களே, பணத்தை எடுக்குமுன் காதைத் தீட்டுங்கள் என்பதே என் கருத்து. திணறுவது ஆம்பிளிஃபயராகவும் இருக்கலாம்.

பேஸை ஏன் கூட்டுகிறோம்? தாழ்ந்த ஒலிகள் நம் காதுக்கு மந்தமாகவே கேட்கும். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஆனால் பேஸை 10 டெசிபல் கூட்டினால், அந்த ஒலிகளுக்கு 10 மடங்கு மின்திறன் வேண்டும். 5 வாட் போதுமாயிருந்த இடத்தில் 50 வாட்!

ஆம்பிளிஃபயரால் தன் மின்வழங்கி தரும் மின்னழுத்தத்தைத் தாண்ட முடியாது. எல்லையைத் தொட்டதும் அலையின் முகடும் அகடும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது 40 ஹெர்ட்ஸ் ஒலியோடு 120, 200, 280 ஹெர்ட்ஸ் எனப் பாட்டில் இல்லாத ஒலிகளும் சேர்ந்துகொள்ளும். அதுதான் அந்தக் கரகரப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? மேளத்தை விட்டுவிட்டுப் பாடகரின் குரலைக் கவனியுங்கள். குரலின் சிறிய அலை, பேஸின் பெரிய அலைமேல் ஏறி வருகிறது. முகடு வெட்டுப்பட்டால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும். ஒவ்வோர் அடிக்கும் குரல் பிசிறடித்து, அடுத்த கணம் தெளிந்தால் முதலில் ஆம்பிளிஃபயரைச் சந்தேகியுங்கள். ‘டக், டக்’ என்று தட்டும் ஓசை வந்தால், ஸ்பீக்கரின் கூம்பு அளவுக்கு மீறி நகர்கிறது. மெதுவாக வைத்தாலும் கரகரத்தால் ஸ்பீக்கரே பழுதாகியிருக்கலாம். சன்னல் கண்ணாடி அதிர்கிறதா என்றும் பாருங்கள்.

“சின்ன ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கரை என்ன செய்துவிடும்?” என்று நினைப்பது தவறு. வெட்டுப்பட்டு முழுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல் இரு மடங்கு மின்திறனைத் தரும். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடலாம்.

ஆகவே குரல் பிசிறியதும் பேஸைக் குறையுங்கள். போதாவிட்டால் ஒலியளவையும் குறையுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்கு நகர்த்தினால் பேஸ் செலவில்லாமலே கூடும். படிவம் 4 இயற்பியலில் வரும் வீச்சும் அதிர்வெண்ணும் தேர்வுத்தாளுக்கு மட்டுமா? வீட்டில் பெரியவர்கள் புது ஸ்பீக்கருக்குக் கிளம்பும்போது, “கொஞ்சம் பொறுங்கள், முதலில் குமிழைத் திருப்பிப் பார்ப்போம்” என்று சொல்லவும் அவை உதவும்.