உளவியல் ஆலோசகரின் முதுநிலைப் பயிற்சி: சிகிச்சை பெறுவோரும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

மனநல ஆலோசனைக்காக ஒருவரை நாடும்போது ‘ஆலோசகர்’, ‘உளவியலாளர்’, ‘தெரபிஸ்ட்’ எனப் பலவகைப் பெயர்ப் பலகைகளை நீங்கள் காண்கிறீர்கள். இப்பெயர்களுக்குப் பின்னால் உள்ள பயிற்சி ஒரே அளவினது அன்று. சில மாதச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தவரும், முதுநிலைப் பட்டத்திற்குப் பின் ஈராண்டு மருத்துவமனையில் பயின்றவரும் ‘ஆலோசகர்’ என்ற ஒரே பலகையை வைக்க இயலும் என்பதே நடைமுறை. அண்மையில் இப்படிப்புகள் தொடர்பாக எடுக்கப்பட்ட முடிவுகள் மாணவர்களுக்கு மட்டும் உரியவை எனக் கருத வேண்டாம். உங்கள் பிள்ளையோ துணைவரோ யாரிடம் தம் மனத்தைத் திறக்கப்போகிறார் என்பதோடும் அவை தொடர்புடையவை.

தொலைநிலைப் படிப்புக்குத் தடை ஏன்?

2025 ஜூலை–ஆகஸ்ட் கல்வியாண்டு முதல், உளவியல் உள்ளிட்ட நலவாழ்வு சார்ந்த பாடங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் முதுநிலை உளவியல் பயின்றோர் நம்மிடையே ஏராளம். அவர்களுள் ஆசிரியர்களும் செவிலியர்களும் உண்டு. அவர்கள் பெற்ற அறிவு வீண் அன்று. இம்முடிவு புதிய சேர்க்கையைப் பற்றியது. எனினும், இதன் பின்னணியில் உள்ள காரணம் வலுவானது. உளவியல் சிகிச்சையை நூல்களிலிருந்து மட்டும் கற்க இயலாது. எதிரில் அமர்ந்திருப்பவர் பேச்சை நிறுத்தும்போது காத்திருப்பதா, கேட்பதா? ‘வாழவே பிடிக்கவில்லை’ என்ற சொல் களைப்பின் வெளிப்பாடா, தற்கொலை எண்ணமா? உறக்கமின்மைக்குக் காரணம் கவலையா, தைராய்டு குறைபாடா? இவற்றை ஒருவர் தாம் சந்தித்தவரைப் பற்றி மூத்தவரிடம் எடுத்துரைத்து, திருத்தம் பெற்று, மறுவாரம் மீண்டும் முயன்றே கற்கிறார். இதையே ‘மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி’ என்கிறோம். பட்டத்தின் பெயரைவிட இந்தப் பயிற்சியே உங்களுக்கு முக்கியமானது.

சட்டம் யாரை அங்கீகரிக்கிறது?

‘மருத்துவ உளவியலாளர்’ என்ற பெயருக்குச் சட்டப்படி வரையறை உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதியை இதற்குக் கோருகிறது. உளவியலில் முதுநிலைப் பட்டமும், அதன்பின் மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பும் இதுகாறும் இதற்கான வழக்கமான பாதையாக இருந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல மருத்துவ நிறுவனம் ஆகியவை இப்படிப்புக்குப் பெயர் பெற்றவை.

புதிய கல்விக் கொள்கையின்படி எம்.ஃபில். பட்டம் பொதுவாகக் கைவிடப்பட்டபோது, இத்துறையில் மட்டும் இடைவெளி ஏற்படும் நிலை உருவானது. ஆகவே மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ஆகிய இரண்டு எம்.ஃபில். படிப்புகளுக்கும் 2025–26 கல்வியாண்டு வரை மானியக் குழு நீட்டிப்பு வழங்கியது. பட்டத்தின் பெயர் மாறலாம். ஈராண்டு மருத்துவமனைப் பயிற்சியின் அடர்த்தி குறையாதிருக்க வேண்டும் என்பதே சிகிச்சை பெறுவோர் நோக்கில் எழும் எதிர்பார்ப்பு.

‘ஆலோசகர்’ என்ற பெயரின் நிலை வேறு. தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021, ஆலோசகர்களையும் உளவியலாளர்களையும் நடத்தைசார் அறிவியல் பிரிவில் சேர்த்து, பதிவேட்டுக்கு வழிசெய்துள்ளது. நலவாழ்வுத் தொழிலர் எனக் கருதப்படுவதற்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பை அச்சட்டம் வேண்டுகிறது. இப்பதிவேடுகள் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, விசாரித்து அறியும் பொறுப்பு பெரும்பாலும் உங்களையே சார்கிறது. இது நோயுற்றோர் மீது சுமத்தப்படும் நியாயமற்ற சுமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தகுதியை இறுக்கினால் சிகிச்சை கிடைப்பது மேலும் அரிதாகாதா? இக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் குறைபாடுகளில் சிகிச்சை பெறாதோர் விகிதம் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. தேர்வு அச்சம், மண வாழ்வில் பிணக்கு, இழப்பின் துயர் போன்றவற்றுக்கு எம்.ஃபில். பெற்றவரே வேண்டும் என்பதில்லை. நன்கு பயின்ற பள்ளி ஆலோசகரோ சமூகப் பணியாளரோ பேருதவி புரிய இயலும். தம் எல்லையை அறிந்து, உரிய வேளையில் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருப்பதே அவரிடம் நாம் எதிர்பார்க்கும் முதல் திறன்.

நீங்கள் கேட்கத் தகுந்தவை

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எங்கே பயின்றீர்கள், எத்தனை காலம் மேற்பார்வையில் பணியாற்றினீர்கள், இப்போதும் கடினமான நேர்வுகளை யாருடனாவது கலந்தாலோசிக்கிறீர்களா? கேட்பதில் தயக்கம் வேண்டாம். முறையாகப் பயின்றவர் இதனால் வருந்தமாட்டார். மருத்துவ உளவியலாளர் எனில் மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். பெயருக்கு முன் உள்ள ‘டாக்டர்’ முனைவர் பட்டத்தையும் குறிக்கலாம். தம் தொழிலுக்கு உரிமை இல்லாத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆதலால் உளவியலாளர் மாத்திரை எழுதித் தந்தாலோ, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ மனநல மருத்துவரை உடனே அணுகுங்கள்.

பராமரிப்போருக்கு ஒரு சொல்: நோயாளி பேசியவற்றை முழுமையாகச் சொல்ல ஆலோசகர் மறுத்தால் ஐயம் கொள்ள வேண்டாம். இரகசியம் காக்கப்படுவது நோயாளியின் சட்ட உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்களில் மட்டுமே விலக்கு உண்டு.

கட்டணம் தடையாக இருப்பின், மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவைகளை அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பெறலாம். தற்கொலை எண்ணமோ கடும் மனக்கலக்கமோ இருந்தால் தகுதி விசாரிக்கக் காத்திராமல், டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.