மருந்தடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் பகுதிக் கரிசல் நிலங்களில் ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கும் விவசாயிகளுக்கு 2018-ஆம் ஆண்டை நினைவூட்டத் தேவையில்லை. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த மானாவாரிப் பருவத்திலேயே தமிழ்நாட்டிலும் பரவிக் குருத்தைக் குடைந்து தின்றது. பலருக்கு விதை, உரச் செலவு கூடத் திரும்பவில்லை. அரசு நிவாரணம் வழங்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

அன்று பிடித்த அச்சம் இன்னும் விடவில்லை. பயிர் முளைத்த சில நாட்களிலேயே, புழு இருக்கிறதா என்று குருத்தைப் பிரித்துப் பாராமல், பக்கத்துப் புஞ்சைக்காரர் அடித்தார் என்பதற்காக நாமும் மருந்தடிக்கிறோம். இந்தப் பழக்கம் சிறு விவசாயிக்கு இரட்டை நஷ்டம் என்பது என் கருத்து. மருந்துச் செலவு ஒன்று. நமக்காகக் கூலியின்றி உழைக்கும் நன்மை செய்யும் பூச்சிகளை இழப்பது மற்றொன்று.

படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டைகள் வரை இட்டு, தன் உடல் செதில்களால் மூடிவிடும். இரண்டு மூன்று நாட்களில் அவை பொரித்துவிடும். அதற்குள் குண்டூசித் தலையை விடச் சிறிய டெலினோமஸ் என்னும் குளவி அக்குவியலைத் தேடி வந்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை இடுகிறது. பிறகு அம்முட்டையிலிருந்து புழு வெளிவராது, குளவிதான் வரும். படைப்புழு நம் நாட்டுக்கு வந்த 2018-ஆம் ஆண்டிலேயே கர்நாடக வயல்களில் இத்தகைய ஒட்டுண்ணிகளை விஞ்ஞானிகள் கண்டனர். இவை தவிர பொறிவண்டு, சிலந்தி போன்ற இரைவிழுங்கிகளும் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்கின்றன. மழைக்காலத்தில் குருத்தில் புழு விறைத்துச் செத்து, அதன் மேல் பச்சைப் பொடி பூத்திருப்பதைக் கண்டால், அது நோய் உண்டாக்கும் பூஞ்சணத்தின் வேலை என்று அறியலாம்.

வளர்ந்த புழு தன் எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கிறது. மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை. ஆனால் இலை மேல் திரியும் குளவியும் பொறிவண்டும் முதல் தெளிப்பிலேயே மாண்டு போகின்றன. அடுத்து இடப்படும் முட்டைகளைத் தடுக்க ஆளில்லை. ஆகவே மீண்டும் மருந்து, மீண்டும் செலவு.

இத்தனை சிறிய குளவியால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். 2008-ஆம் ஆண்டு கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியது. அடிக்கடி மருந்தடித்தும், மெழுகுப் படலம் காத்ததால் பூச்சி சாகவில்லை. 2010-ஆம் ஆண்டு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூரு மையம், போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி பெருகிப் பரவியதால், சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது.

பப்பாளியைப் போல் மக்காச்சோளம் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. அறுவடைக்குப் பின் கரிசல் நிலம் வெறுமையாகக் கிடக்கும். குளவிக்குத் தங்க இடமும் தேனும் இல்லை. ஆகவே வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறு, எள், துவரை, சூரியகாந்தி ஆகியவற்றுள் ஒன்றை விதையுங்கள். வரப்பில் பூக்கும் செடிகளையெல்லாம் களைக்கொல்லியால் கருக வைக்க வேண்டாம். பக்கத்து நிலத்தாரும் ஒரே சமயத்தில் விதைத்தால் புழு ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மாறி மாறிப் பெருகாது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சியின் வருகை தெரியும்.

பிறகு எண்ணுங்கள். வயலில் ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளாக 100 செடிகளைப் பாருங்கள். முட்டைக் குவியல் கண்டால் கையால் நசுக்குங்கள். இளம்பயிரில் 5 செடிகளுக்குக் குறைவாகத் தாக்குதல் இருந்தால் மருந்து தேவையில்லை. ஐந்தை எட்டினால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு போதும். 200 லிட்டருக்கு 10 கிலோ பருப்பு வேண்டும். பயிர் வளர்ந்த பிறகு தாக்குதல் பத்துக்கு மேல் போனால், வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் மருந்தை மாலை வேளையில் குருத்துக்குள் படும்படி அடியுங்கள். நன்மை செய்யும் பூச்சிகள் எல்லா ஆண்டும் முழுமையாகக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தேவைப்படும்போது மருந்து வேண்டும். தேவையில்லாதபோது அடிப்பதுதான் தவறு.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று சொல்வதில் காட்டிய அக்கறையை, எந்தப் பூச்சி நண்பன் என்று வயலில் காட்டுவதில் விரிவாக்கப் பணியாளர்களாகிய நாங்கள் காட்டவில்லை. மருந்துக்கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. முட்டை ஒட்டுண்ணி அட்டையோ வேண்டிய நாளில் கைக்கு எட்டுவதில்லை. வந்து சேர நாளானால், குளவிகள் வழியிலேயே வெளிவந்து அட்டை வீணாகிவிடும். எனவே வட்டாரந்தோறும் ஒட்டுண்ணி உற்பத்தி நிலையம் வேண்டும். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியை வளர்ப்பது, பயிற்சி பெற்ற மகளிர் குழுக்களே செய்யக்கூடிய தொழில். விதைப்புக்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுமாறு விவசாயிகள் வேளாண்மைத் துறையிடம் கேட்க வேண்டும்.

வரும் பருவத்தில் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் ஒருமுறை வெறுங்கையோடு வயலைச் சுற்றி வாருங்கள். 100 செடிகளை எண்ண அரைமணி நேரம் போதும்.