மேகத்தில் கணக்கு வைக்கலாம், ஆனால்...

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் மாமா வண்டி உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறார். கடை, குடோன், பக்கத்து ஊரில் ஒரு கிளை. போன வருடம் கடை கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. கடைசியாக பேக்கப் எடுத்தது நாலு மாதத்துக்கு முன்னால்! பில் நகல்களைப் பார்த்து மறுபடி ஏற்ற இரண்டு பேருக்கு மூன்று வாரம் ஆனது. நகல் தொலைந்துபோன பாக்கிகள் அப்படியே போயின.

இப்போது ஒருவர் வந்து, "எல்லாவற்றையும் கிளவுட் டேட்டாபேஸில் போட்டுவிடலாம், கூடவே பிசினஸ் இன்டெலிஜென்ஸும் தருகிறோம்" என்று பெரிதாக ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "டேய், நீ இதைத்தானே படிக்கிறே? போடலாமா, வேணாமா?" என்று மாமா கேட்டார். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி என்றால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். மாமாவின் சொந்தப் பணம் என்றதும் வாய் வரவில்லை. யோசித்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டேட்டாபேஸ். என் பதில்: போடலாம்.

மாமாவுக்கு நடந்தது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்கள் அமேசானின் கிளவுடுக்கு மாறத் தொடங்கினார்கள். மாறி முடிக்க 2016 ஜனவரி வரை ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனமே "சர்வரைக் கட்டிக் காப்பது நம் வேலை இல்லை" என்று முடிவு செய்தது. கடையில் ஒரு கம்ப்யூட்டர் ஆள்கூட இல்லாத மாமா எதற்கு அதைக் கட்டி அழ வேண்டும்? தினசரி பேக்கப், பழுதான டிஸ்க்கை மாற்றுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது எல்லாவற்றையும் மாத வாடகைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்வார். கிளையிலும் குடோனிலும் ஒரே ஸ்டாக் கணக்கு தெரியும்.

ஆனால் கிளவுடில் போட்டால் கவலையே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஒரு ஓய்வூதிய நிதி நிறுவனம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அவர்கள் வைத்திருந்த ஓர் அமைப்பு அழிந்துபோனது. காரணம் ஹேக்கர் அல்ல. முன்பு அதை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அதனால் ஒரு வருடம் முடிந்ததும் அது தானாகவே அழிந்துவிட்டது! உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்தது, மீட்பதற்கு அது கைகொடுத்தது. ஆகவே வாரம் ஒரு பிரதியாவது நம் கையில் இருக்க வேண்டும். எப்போது விலகினாலும் நம் டேட்டாவை முழுதாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022ல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியது. கட்டுப்படியாகவில்லை என்று 2023ல் தன் மென்பொருள்களைச் சொந்த சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது. வேலை எப்போதும் ஒரே அளவில் ஓடுகிறது, பார்த்துக்கொள்ளத் திறமையான ஆட்களும் இருக்கிறார்கள் என்றால் சொந்த வீடு லாபம்தான். இரண்டும் இல்லாதவருக்கு வாடகை வீடே நல்லது.

அடுத்து பிசினஸ் இன்டெலிஜென்ஸ். இதற்கு என் பதில்: இப்போது வேண்டாம்.

இது புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. 1958லேயே ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் இதே தலைப்பில் கட்டுரை எழுதிவிட்டார். வியாபாரத் தகவலைத் திரட்டி, முடிவு எடுக்க உதவும்படி காட்டுவதுதான் விஷயம். சிக்கல் என்னவென்றால், உள்ளே போகும் கணக்கு தப்பாக இருந்தாலும் திரையில் வரும் வரைபடம் அழகாகத்தான் இருக்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது. அது தெரியாமல் பயன்படுத்தியதில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த எண்ணிக்கை அது. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது.

மாமா கடையில் ஒரே பிரேக் ஷூவுக்கு மூன்று பெயர் இருக்கிறது. கடையில் ஒன்று, குடோனில் ஒன்று, கிளையில் ஒன்று. இந்த நிலையில் எந்த மென்பொருள் வந்தாலும் அதை மூன்று சரக்காகத்தான் எண்ணும். முதலில் பெயர்களை ஒழுங்காக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

பிறகு மாமாவிடம், "உங்களுக்குத் தெரிய வேண்டிய மூன்று கேள்வியை எழுதுங்கள்" என்றேன். ஆறு மாதமாக நகராத சரக்கு எது? 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பது யார்? எந்த மாதம் எது தீர்ந்துபோகிறது? இவ்வளவுதான் எழுதினார். இதற்கு எக்ஸெலே போதும். போதாவிட்டால் பவர் பிஐ டெஸ்க்டாப், மெட்டாபேஸ் என்று காசில்லாமல் தொடங்கக் கிடைப்பவை இருக்கின்றன. விடை தெரிந்து அதன்படி கொள்முதலை மாற்றுகிறாரா என்று ஒரு வருடம் பார்க்கலாம். மாற்றினால் அப்போது செலவு செய்யட்டும். மாற்றாவிட்டால் எத்தனை லட்சம் போட்டாலும் அது சுவரில் மாட்டிய படம்தான்.

நம் வகுப்பில் பலர் நாளை இதே மென்பொருள்களை விற்கும் வேலைக்குத்தான் போகப்போகிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரோ ஒருவருடைய மாமா என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் :)

மாமா கிளவுடுக்குச் சரி சொல்லிவிட்டார். பிரேக் ஷூவுக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதில்தான் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.