குப்பியைத் தேடுறாங்க, குடிச்சவனைத் தேடல

பாறசாலைப் பக்கம் யார் விபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் ரெண்டாவது வாக்கியத்தில் டாஸ்மாக் வந்துவிடும். "எல்லாம் அந்தப் பக்கம் போய் குடிச்சிட்டு வாறவனுவ செய்யற வேலை" என்பார் நம்ம அண்ணாச்சி. களியக்காவிளையில் நின்று கேட்டால் பழி அப்படியே திரும்பி பெவ்கோ மேல் விழும். 1956இல் விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்தோடு விட்டார்களே, அந்தக் கோடு இதுக்குத்தான் ரொம்ப உபயோகப்படுது!

கடை யாருடையது சாமி? ரெண்டு பக்கமும் சர்க்கார்தான் விற்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்தான். ஊற்றிக் கொடுப்பவரே பிடிக்கவும் வேண்டும் என்றால் எப்படி மும்முரமாகப் பிடிப்பார்?

அமரவிளை கலால் சோதனைச் சாவடி நம் எல்லோருக்கும் தெரியும். கஞ்சா, ஸ்பிரிட், கள்ளச் சரக்கு பிடிப்பது அவர்கள் வேலை. நல்ல வேலைதான். ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் குப்பியை விட ஸ்டியரிங் பிடித்தவன் வயிற்றில் இருக்கும் குப்பி ஆபத்தானது. அதைப் பிடிக்க வேண்டியது போலீசும் மோட்டார் வாகனத் துறையும். அவர்களோ ஓணம், கிறிஸ்மஸ் வந்தால் 'ஸ்பெஷல் டிரைவ்' என்பார்கள். ஸ்பெஷல் என்றாலே மற்ற நாள் இல்லை என்றுதானே அர்த்தம்?

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு: 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்தில் முதல் தடவைக்கே அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை ஜெயில். நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தந்த தீர்ப்பு, தமிழ்நாட்டு வக்கீல் கே.பாலு தொடுத்த வழக்கில் வந்ததுதான். 500 மீட்டர் என்றார்கள். 2017 மார்ச்சில் சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் ஆனது. அதே ஜூலையில் நகராட்சிகளுக்கு விலக்கு. 2018இல் பஞ்சாயத்துகளுக்கும் கதவு திறந்தது. ஜவ்வாக இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் செய்வது ஒரு கலை.

நான் இருக்கும் சிட்னியில் வரம்பு 50 மில்லிகிராம். அதாவது நம்மதை விடத் தளர்வு! ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகிற வழியில்கூட நிறுத்தி, கருவி முன்னால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார்கள். சந்தேகம் எல்லாம் தேவையில்லை, யாரையும் நிறுத்தலாம். 1982 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸில் இது ஆரம்பித்தது. அந்த வருஷம் சாலையில் செத்தவர்கள் 1,200க்கும் மேல்; அடுத்த வருஷமே ஆயிரத்துக்குக் கீழே. அபராதத்துக்குப் பயந்து இல்லை, மாட்டுவோம் என்று பயந்து. பத்தாயிரம் ரூபாய் என்று மிரட்டி, நூற்றில் ஒருத்தனைப் பிடித்தால், அந்த ஒருத்தன் வீட்டு அரிசிப் பானைதான் காலியாகும். மிச்சம் தொண்ணூற்றொன்பது பேர் "ரெண்டு பெக்தானே, வண்டி அதுவா வீட்டுக்குப் போகும்" என்று சொல்லிக்கொண்டே கிக்கரை உதைப்பான்.

இன்னொன்று. 185இல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. 2019 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் பத்திரிகையாளர் கே.எம்.பஷீர் கார் மோதி இறந்தார். ஓட்டியதாக வழக்கில் இருப்பவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ரத்தம் எடுத்தது மணிக்கணக்கில் கழித்து. மது இல்லை என்று முடிவு வந்தது. அவர் குடித்திருந்தாரா என்று நான் சொல்ல வரவில்லை. அதை இனி யாராலும் ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதுதான் விஷயம். தலைநகரத்திலேயே இந்த லட்சணம் என்றால், ராத்திரி பத்து மணிக்கு இஞ்சிவிளையில் அடிபட்டுக் கிடக்கும் கூலிக்காரனுக்கு என்ன கதி?

கே.எல்.19 பாறசாலை, கே.எல்.20 நெய்யாற்றின்கரை, டி.என்.75 மார்த்தாண்டம். மூணு நம்பரும் ஓடுவது ஒரே ரோடு. அந்த ரோட்டில் தினமும் சாயங்காலம் ஆறு முதல் ராத்திரி பதினொன்று வரை, இரு மாநில போலீசும் சேர்ந்து நின்று, பைக், லாரி, கொடி கட்டின கார் என்று பாராமல் எல்லாரையும் ஊதச் சொல்லட்டும். புதுச் சட்டமும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம். திருவனந்தபுரம் ரூரல் எஸ்.பி.யும் கன்னியாகுமரி எஸ்.பி.யும் களியக்காவிளையில் ஒரு சாயா குடிக்கிற நேரம் பேசினால் போதும்.