என்றும் பதினாறா?

எமன் துரத்துகிறான், பாலகன் இலிங்கத்தைத் தழுவிக்கொள்கிறான், இறைவன் எட்டி உதைக்கிறான், எமன் வீழ்கிறான், மார்க்கண்டன் என்றென்றும் பதினாறு வயதினன் ஆகிறான்!

காவிரி நாட்டின் கடலோரத்துத் திருக்கடையூரிலே சொல்லப்படும் கதை இது. கதையாகவே இருந்திருந்தால் கவலையில்லை. அறுபது நிறைந்தோரும் எண்பது கண்டோரும் அங்கே சென்று, ஓமப் புகை சூழ, கலச நீர் தலையில் வழிய, மீண்டும் ஒருமுறை மாலை மாற்றிக்கொள்கின்றனர். பெற்றோரைப் பிள்ளைகள் பெருமைப்படுத்துவதை நாம் குறை கூறவில்லை. அது பண்பு. ஆனால் 'புகையால் ஆயுள் நீளும்' என்று கூறிப் பொருள் பறிக்கப்படுகிறதே, அதைத்தான் கேட்கிறோம். கலச நீரில் நனைந்தவர் எவரேனும் கறுத்த முடியோடு வீடு திரும்பியதுண்டா?

மூப்பு எமன் வீசும் கயிறல்ல. அது உடலுக்குள்ளே நடைபெறும் ஒரு வேளாண்மையின் தளர்ச்சி. தஞ்சைத் தரணியில் வாழ்வோர்க்கு இதை விளக்குவது எளிது. குதிர் காலியானாலும், குழந்தை பசித்து அழுதாலும், விதைநெல்லைத் தொடமாட்டான் உழவன். இன்று அதை உண்டால் நாளை வயலே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நம் உடலும் விதைநெல் வைத்திருக்கிறது. குருத்தணு என்பது அதன் பெயர். அது பிளவுபடும்போது ஒரு பகுதி நாற்றாகி வேலைக்குப் போகிறது. மறு பகுதி விதையாகவே நிற்கிறது. இரத்தச் சிவப்பணு வாழ்வது ஏறத்தாழ 120 நாள். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தேய்வதை ஈடு செய்வது இந்த விதைநெல்லே. எலும்பு மஜ்ஜையிலே இப்படி ஒரு விதை உண்டு என்பதை 1961இல் கனடா நாட்டு டொரண்டோவில் டில், மெக்கலக் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். வேதம் ஓதியல்ல, வேலை செய்து!

அந்த விதை ஏன் தளர்கிறது? ஏடு பார்த்து ஏடு எழுதுவோன் கை பிழை செய்வதுபோல், உயிரணு பிளவுறுந்தோறும் மரபுச் செய்தியிலே பிழைகள் சேர்கின்றன. அத்தோடு நிற்பதில்லை, விதை கிடக்கும் நிலமும் கெடுகிறது. விதை நல்லதாயினும் வாய்க்கால் தூர்ந்து கடைமடைக்கு நீர் எட்டாவிட்டால் பயிர் ஏது? 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கிழ எலியையும் இள எலியையும் ஒரே இரத்த ஓட்டத்தில் இணைத்தனர். கிழ எலியின் தசைக் குருத்தணுக்கள் மீண்டும் சுறுசுறுப்பாயின! விதை சாகவில்லை, பாய்ந்த நீர்தான் கெட்டிருந்தது என்பது புலப்பட்டது.

இன்னொரு செய்தி கேளுங்கள். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்டது. அறுபத்தைந்து வயதுக்குட்பட்டோர் இரத்தத்தை 20,000 முதல் 2,00,000 வரையிலான குருத்தணுக்கள் பங்கிட்டு உண்டாக்குகின்றன. எழுபத்தைந்தைக் கடந்தோரிடமோ, பத்திருபது குருத்தணுக்களின் வாரிசுகளே 30 முதல் 60 விழுக்காடு வரை வளைத்துக்கொள்கின்றன! ஆயிரமாயிரம் பேர் உழுத நிலத்தை ஒரு சில மிராசுகள் வளைத்த கதையைத் தஞ்சைக்கு நாம் சொல்லித் தரவேண்டுமா? நிலத்திலே அது நிகழ்ந்தால் ஊர் நலிகிறது. உடலிலே நிகழ்ந்தால் இரத்தம் நலிகிறது.

அறிவியல் இவ்வளவு கண்டதும், புரோகிதம் புதுவேடம் புனைந்துகொண்டது! காவி களைந்து வெள்ளை அங்கி மாட்டி, 'ஸ்டெம் செல் ஊசி, இளமை திரும்பும்' என்று கூவுகிறது. கலசம் போய்க் கண்ணாடிக் குப்பி வந்தது. தட்சணை மட்டும் பன்மடங்காயிற்று! எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவம் மெய். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இலிருந்து அது நடைபெற்று உயிர் காக்கிறது. ஆனால் அது இரத்த நோய்களுக்கான மருத்துவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஏனைய குருத்தணு முறைகளை ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், விலைக்கு விற்கலாகாது என்கின்றன. எலியிடம் கண்டதை மனிதனிடம் விற்பது மருத்துவமல்ல, மோசடி!

"நம்பிக்கையைக் கெடுக்கிறீரே" என்பார் சிலர். நம்பிக்கை ஏழையின் கைப்பொருளைக் கரைக்குமானால், கெடுக்கத்தான் வேண்டும்!

சேற்றிலே குனிந்து நாற்று நட்டு நட்டு முதுகு வளைந்த மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு அறுபதாம் திருமணம் ஏது? பிறந்த நாளே எழுதி வைக்கப்படவில்லை! காலில் முள் தைத்த புண், நீரிழிவால் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. 'தலைவிதி' என்கிறது ஊர். விதியல்ல, விதைநெல் வாடுகிறது! சர்க்கரை மிகுந்தால் குருத்தணு தளரும், புண் ஆறாது. வயிறார உணவு, சர்க்கரையை அடக்கும் மாத்திரை, புண்ணுக்கு நாள்தோறும் கட்டு, உடலுக்கு ஓய்வு: இவை அவளுக்கு வேண்டும். பண்ணையாளைப் பாதுகாக்க 1952இல் சட்டம் வந்தது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. மாத்திரை வாயிற்படி ஏறியது. இன்னும் வேண்டும்! முதுமையில் ஓய்வும் ஊட்டமும் இரக்கமல்ல, உழைத்தவரின் உரிமை என்னும் எண்ணம் வேண்டும்.

என்றும் பதினாறு எவர்க்கும் இல்லை. எழுபதிலும் நிமிர்ந்து நடக்கும் வாழ்வு எல்லோர்க்கும் இயலும். கோயில் வாயிலிலும் ஊசி வணிகரிடமும் கொட்டும் பொருளைக் குடிசையின் கலயத்திலே இட்டுப் பாருங்கள். எமனை உதைக்க இறைவன் வரவேண்டியதில்லை. ஒரு பிடி பருப்பும் ஒரு செவிலியின் கையும் அவனைச் சற்றுத் தள்ளியே நிறுத்தும்!