28 நாள் மாதம் யார் கண்டுபிடித்தது?

குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் கடைகள் களைகட்டுகிற மாதம் ஜூலை. 2024 ஜூலையில் சாரலோடு சேர்ந்து இன்னொன்றும் நம் தலையில் விழுந்தது. 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் செல்போன் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. ஏர்டெல்லில் 265 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. வோடபோன் ஐடியாவில் 269 ரூபாய்த் திட்டம், அதுவும் 299 ஆயிற்று! கடை மூன்று, விலைப் பலகை ஒன்று. இதற்குப் பெயர் போட்டியாம்!

இந்த 299 ரூபாய் 28 நாளைக்குத்தான். வருஷத்துக்கு 12 மாதம் என்று நாம் படித்தோம். கம்பெனிக் காலண்டரில் 13 மாதம்! ஒரு செல்போனுக்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய். வீட்டில் இரண்டு இருந்தால் 7,774 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! 23 நாள் வெயிலில் மண் சுமந்த கூலி ரீசார்ஜுக்கே போகிறது.

"செல்போன் ஆடம்பரம்தானே, முடியாவிட்டால் விட்டுவிடலாமே" என்று சிலர் உபதேசிக்கிறார்கள். விடமுடியுமா? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் படமெடுத்து வருகை பதிய வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது யார்? மத்திய சர்க்கார். டவர் கிடைக்காத இடங்களில் வருகை பதிவாகாமல் வேலை செய்தவர்கள் கூலி இழந்ததாக நாடெங்கும் புகார் எழுந்தது. பாங்குக் கணக்கானாலும் ஆதாரானாலும் கேஸ் சிலிண்டரானாலும் செல்போனுக்கு வரும் எண்ணைக் கேட்கிறார்கள். சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கும் கீழப்பாவூரில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் செல்போன் இன்று கோடரி, மண்வெட்டி போல ஒரு கருவி. கருவியைக் கட்டாயமாக்குவது சர்க்கார். அதற்கு விலை வைப்பது முதலாளி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமோ கட்டணத்தைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

இந்த நிலை எப்படி வந்தது? 2016 செப்டம்பரில் ஜியோ இலவசம் என்று கடை விரித்தது. இலவசத்துக்கு ஈடுகொடுக்க முடியாத கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலாயிற்று. இணைப்பு செத்துப்போன செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு கம்பெனிக்கு மாற ஜனங்கள் வரிசையில் நின்றதை மறந்துவிட்டோமா? சின்ன மீன்களைத் தின்று முடித்த பின் 2019, 2021, 2024 என்று மூன்று முறை கட்டணம் ஏறியது. ஏகபோகத்தின் பாதை இதுதான்: முதலில் இலவசம், பிறகு வசூல்.

ஜனங்களின் சொத்தான பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? தனியாரிடம் 4ஜி ஓடிக்கொண்டிருந்தபோது, அதற்கு 4ஜி அலைவரிசை ஒதுக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான். 2020 ஜனவரி 31இல் 78,000 ஊழியர்களுக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினர். தனியார் அந்நியக் கருவி வாங்கலாம், பி.எஸ்.என்.எல். மட்டும் உள்நாட்டுக் கருவி தயாராகும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். உள்நாட்டுக் கருவி வேண்டும் என்பதே நம் நிலையும். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் காலை மட்டும் கட்டிவிடுவது என்ன நியாயம்? பி.எஸ்.என்.எல். 4ஜி நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 27இல். ஜியோவுக்கு ஒன்பது வருஷம் பின்னால்!

அப்படியிருந்தும் 2024 ஜூலையில் ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் பி.எஸ்.என்.எல். இணைப்புக்கு வந்தார்கள். உழைப்பாளி மக்கள் தந்த தீர்ப்பு அது. ஆனால் வேகமான இணைப்பு இல்லாததால் அந்த வருஷம் முடிவதற்குள் மீண்டும் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. சொந்த ஸ்தாபனத்தைப் பட்டினி போட்ட சர்க்கார், வோடபோன் ஐடியா கட்டவேண்டிய 36,950 கோடி ரூபாயை 2025இல் பங்குகளாக மாற்றிக்கொண்டது. கிட்டத்தட்ட பாதிப் பங்கு சர்க்காருடையது, நிர்வாகம் தனியாருடையது!

அண்டை நாடுகளிலும் இதே கதை. இலங்கையில் ஏர்டெல் லங்காவை 2024 ஜூனில் டயலாக் விழுங்கியது. வங்கதேசத்தின் பெரிய கம்பெனியான கிராமீன்போனில் பெரும்பங்கு நார்வே நாட்டு டெலினாருக்கு. சர்க்காரின் டெலிடாக் ஓரத்தில் நிற்கிறது. பாகிஸ்தான் தன் பி.டி.சி.எல்.லின் 26 சதவீதப் பங்கை நிர்வாகத்தோடு 2005இல் எட்டிசலாட்டுக்கு விற்றது. விலையில் 80 கோடி டாலர் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது. விற்றவன் கையில் காசும் இல்லை, கம்பியும் இல்லை.

வேறு வழி உண்டா? புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. அந்தக் கேரளத்தில் 2023 ஜூன் 5இல் மாநில சர்க்காரே கே-ஃபோன் என்ற கண்ணாடியிழை வலையைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தர முன்வந்தது. நம் பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனியின் அலுவலகம் நடக்கிறது. கிராமத்துக்கு நல்ல இணைப்பு வந்தால் வேலையும் வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒழுங்குமுறை ஆணையம் 30 நாள் திட்டம் தரும்படி 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் "குறைந்தது ஒன்று" இருந்தால் போதும் என்றது. பேச மட்டும் தனித் திட்டம் தரும்படி 2024 டிசம்பரில் சொன்னது. கம்பெனிகள் 84 நாளைக்கு 450, 470 ரூபாய் என்ற அளவில் ஒரே தவணையாகக் கேட்டன. வாரக்கூலி வாங்குகிறவன் எங்கே போவான்?

எனவே நாம் கோருகிறோம்: எல்லாத் திட்டத்துக்கும் மாதம் என்றால் முழு மாதமாக இருக்கட்டும். பேச மட்டும் போதும் என்பவருக்கு மலிவான மாதத் திட்டம் வேண்டும். கட்டணத்துக்குச் சர்க்கார் உச்சவரம்பு விதிக்க வேண்டும். வேலைக்குச் செயலி கட்டாயம் என்றால் அதன் செலவைக் கட்டாயப்படுத்துகிறவரே ஏற்க வேண்டும். கம்பெனிகளின் வருமானத்தில் கிராம சேவைக்கென்று வசூலாகும் 5 சதவீத நிதி, மேற்குமலை அடிவார ஊர்களின் டவராகவும் கம்பியாகவும் மாற வேண்டும். பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் கருவியும் தாமதமின்றித் தர வேண்டும்.

தோழர்களே! ரீசார்ஜ் கடையில் தனித்தனியே முணுமுணுத்தால் கம்பெனியின் காதில் விழாது. மில் வாசலிலும் வயல் வரப்பிலும் பீடிக் கடையிலும் இதைப் பேசுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள். நம் குரலை விற்றுத்தான் அவர்கள் லாபம் சம்பாதிக்கிறார்கள். அந்தக் குரல் ஒன்றாக எழட்டும்!