ஓடாத 'ஃபாஸ்ட்'

ஜவுளிக் கடையில் புடவையை விரித்துப் போட்டு, "ஃபாஸ்ட் கலர், அம்மா! தைரியமாக எடுத்துப் போங்கள்" என்கிறார் கடைக்காரர். 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பையன் பக்கத்தில் நின்றால் என்ன நினைப்பான்? முதல் சலவையிலேயே சாயம் வேகமாக ஓடிவிடும் என்றுதானே!

கடைக்காரர் சொல்வதுதான் அந்தச் சொல்லின் அசல் பொருள். 'ஃபாஸ்ட்' என்றால் ஆதியில் கெட்டி, உறுதி, அசையாதது. அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவனை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பதும், பிடியை விடாதே என்பதற்கு 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்பதும் அதனால்தான். கெட்டியாக நின்றது எப்படி ஓட ஆரம்பித்தது? உறுதியாக, மும்முரமாக, விடாமல் ஓடினான் என்று சொல்லிச் சொல்லி, உறுதி உதிர்ந்து ஓட்டம் மட்டும் மிஞ்சிற்று. நாமும் 'அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான்' என்கிறோம். அடித்தது யார், பிடித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை!

வேகத்தைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகளில் பல, இப்படி வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவை. 'குவிக்' என்றால் உயிருள்ளது. 1611-ல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'குவிக் அண்ட் டெட்' என்று வருவது, உயிரோடிருப்போரையும் இறந்தோரையும்தான். சாலைகளில் மோட்டார்கள் பெருகிய பிறகு, பாதசாரிகளில் 'குவிக்', 'டெட்' என்று இரண்டே ஜாதி என ஆங்கிலேயர்கள் சிலேடை பேசினார்கள். தரையில் சிந்திய பாதரசம் உயிருள்ள பிராணியைப் போல் நழுவி ஓடுகிறதல்லவா? ஆகவே அது 'குவிக் சில்வர்'. 'கட் டு தி குவிக்' என்பதற்கு, வேகமாக வெட்டினார்கள் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டும்போது அடியிலுள்ள உயிர்ச் சதையில் கத்தி பட்டால் எப்படி இருக்கும்? ஒருவர் சொன்ன சொல் மனத்தில் அப்படிச் சுருக்கென்று தைத்தது என்று அர்த்தம்.

'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்ற பழமொழியும் பலரைத் திண்டாட வைக்கிறது. அவசரம் கூடினால் வேகம் எப்படிக் குறையும்? 'ஸ்பீட்' என்பதற்கு முதற்பொருள் காரிய சித்தி. அதை வைத்துப் பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். நம் பாட்டிமார் 'பதறாத காரியம் சிதறாது' என்றது இதே சங்கதிதான். வழியனுப்பும்போது 'காட் ஸ்பீட்' என்றால் சீக்கிரம் கிளம்பு என்பதல்ல. தெய்வ கிருபையால் போகிற காரியம் ஜயமாகட்டும் என்பது.

வேகத்துக்கு வந்து சேர்ந்த சொற்கள் இவை. வேகத்திலிருந்து விலகிப்போன கூட்டமும் உண்டு. 'சூன்', 'பிரசன்ட்லி', 'பை அண்ட் பை' எல்லாம் ஒரு காலத்தில் 'இந்த க்ஷணமே' என்று பொருள்பட்டவை. அதே பைபிளில் ஏரோதியாளின் மகள், யோவான் ஸ்நானகனின் தலை தட்டில் 'பை அண்ட் பை' வேண்டும் என்று ராஜாவிடம் கேட்கிறாள். இன்று படிப்பவருக்கு, ஒன்றும் அவசரமில்லை, சௌகரியப்பட்டபோது கொடுத்தால் போதும் என்று கேட்பதுபோல் இருக்கும். பாவம், யோவானின் தலை உடனேயே போயிற்று! இந்தச் சொற்களையெல்லாம் தேய வைத்தது மனித சுபாவந்தான். "இதோ வந்துவிட்டேன்" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுப்பவர் எப்போது வருகிறார் என்பது உங்கள் வீட்டிலேயே தெரியும்.

பழைய சொல் தேய்ந்தால் புதிதாக ஒன்று வேண்டுமல்லவா? 'ஜாக் ராபின்ஸன் என்று சொல்வதற்குள்' என்றார்கள். 1778-ல் வெளியான ஃபானி பர்னியின் 'ஈவ்லினா' நாவலில் அது வருகிறது. மின்னலின் வேகமும் போதாமல் அதற்கு மசகு தடவி, 'கிரீஸ்ட் லைட்னிங்' என்றார்கள். எனக்குப் பிடித்தது, 'ஆட்டுக்குட்டி வாலை இரண்டு தரம் ஆட்டுவதற்குள்' என்பது. 1940-களில் அமெரிக்காவில் அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளுக்கும் அது பிடித்துவிட்டது. வாலின் ஓர் ஆட்டத்தை, அதாவது ஒரு 'ஷேக்'கை, கால அளவாகவே வைத்துக்கொண்டார்கள். ஒரு விநாடியில் 10 கோடியில் ஒரு பங்கு! அணுப்பிளவில் ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆகும் நேரத்தைக் கணக்கிட அது தோதாக இருந்ததாம். அந்த வேகத்தில் வாலாட்டும் குட்டி எந்தப் பட்டியிலும் கிடையாது.